பட்டாணியும் ஒத்தைச் செருப்பும்

ஒரு ஊர்ல ஒரு நாய்க் காப்பகம். வீடில்லாத நாயெல்லாம் அங்கதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா ஜனங்க வந்து, பிடிச்ச நாயை வளக்கக் கூட்டிட்டுப் போவாங்க. எல்லாத்துக்கும் வீடு கிடைச்சுடும். பட்டாணின்னு ஒரு நாய்க்கு மட்டும் மூணு வருஷமா கிடைக்கல. ஏன்? ம் கொட்டு, சொல்றேன்.

வாய் நாத்தம்! பல்லெல்லாம் மஞ்சக் காரை, கடைவாய்ல ஒரு சொத்தைப் பல்லு. பாவம், பிஸ்கட்டைக்கூட தண்ணில ஊற வெச்சுத்தான் தின்னும். அதைப் பாத்துக்கிற அஞ்சுகம் அக்காவுக்கு மனசே ஆறல. இவனை எப்படியாவது ஒரு வீட்ல சேத்துடணும்னு ஒரே துடிப்பு.

மொத ஞாயிறு ஒரு அம்மா குனிஞ்சு, "அட செல்லம்!"னாங்க. பட்டாணி சந்தோஷத்துல 'ஹா'ன்னு வாயைத் திறந்துச்சு. அவ்ளோதான்! மூக்கைப் பொத்திக்கிட்டு குடுகுடுன்னு அடுத்த கூண்டுக்கு ஓடிட்டாங்க.

அப்புறம் ரெண்டாவது ஞாயிறு. அக்கா என்ன பண்ணாங்க? தன்னோட பேஸ்ட்டையே எடுத்து சரசரன்னு தேய்ச்சு விட்டாங்க. கொப்புளிக்க அதுக்குத் தெரியுமா? வாய் பூரா புசுபுசுன்னு நுரை! அதோட 'லொள் லொள்'னு வாசலுக்குப் பாஞ்சுச்சு. அப்போ பாத்து, டெம்போ ஓட்டுற சவரிமுத்து, வளக்க ஒரு நாய் வேணும்னு வந்து எறங்குறாரு.

"ஐயோ, வெறிநாய்!"

ஓட்டம்னா ஓட்டம்! தபதபதபன்னு ஓடி டெம்போ கூரையில ஏறிட்டாரு. ஒத்தைச் செருப்பு வாசல்லயே கிடக்கு.

"அண்ணே, அது பேஸ்ட்டுண்ணே!"

"நீயே வெச்சுக்க தாயி!" அக்கா பட்டாணியைப் பிடிச்சு உள்ள போட்டதுதான் தாமதம், டுர்ர்ர்... வண்டி போயே போச்சு.

சிரிச்சது போதும், கேளு.

அப்புறம் அக்கா பட்டாணியைத் தூக்கிக்கிட்டு நாய் டாக்டரம்மாகிட்ட ஓடுனாங்க. செம திட்டு! "நம்ம பேஸ்ட் நாய்க்கு ஆகாதும்மா. துப்பத் தெரியாம முழுங்கிடும். மொதல்லயே இங்க கூட்டியாந்தா என்ன?" மயக்க ஊசி போட்டு, கரகரன்னு காரையைச் சுரண்டி, சொத்தைப் பல்லை 'டொக்'னு பிடுங்கிட்டாங்க. புண்ணு ஆறுற வரைக்கும் கஞ்சி. அப்புறம் நாய்க்குன்னே இருக்கிற பேஸ்ட்ல தினமும் தேய்ப்பு.

ம்?

புண்ணு ஆறுன ஞாயிறு, சவரிமுத்து திரும்ப வந்தாரு. "எங்கம்மா என் செருப்பு? மாமியார் வாங்கிக் குடுத்தது."

அக்கா அதை எடுத்து வெச்சிருந்த அலமாரியப் பாத்தாங்க. காணோம்! கூண்டுக்குள்ள பாத்தா... நறுக், நறுக், நறுக்! பட்டாணி தின்னுட்டிருக்கு. வார் மட்டும்தான் மிச்சம். போச்சு, இவரும் போயிடுவாருன்னு அக்காவுக்கு உயிரே போயிடுச்சு.

ஆனா வாயைத் திறந்தா அழுகையும் சிரிப்பும் சேந்து வருது. "அண்ணே... மூணு வருஷமா பல்லு வலியில இவன் எதையுமே கடிச்சுத் தின்னதில்லண்ணே!"

சவரிமுத்து மெதுவா குனிஞ்சாரு. பட்டாணி 'ஹா'ன்னுச்சு. நாத்தம் இல்ல! பல்லெல்லாம் பளபளன்னு இருக்கு.

"ஏண்டா, நல்லாருந்துச்சா? இதோட ஜோடி வீட்ல சும்மாதான் கிடக்கு. ஏறுடா வண்டியில!"

தொம்! முன்சீட்ல ஏறி உக்காந்துச்சு பாரு பட்டாணி!

செருப்பும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. பட்டாணி தூங்கியாச்சு, நீயும் தூங்குடா.