நண்டு வளைக்கு வழிவிட்ட கதை

நண்டும் பறவையும் கடலும் ஒன்றோடொன்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தெற்கே ஒரு கடற்கரையில் கொடுக்காயி என்று ஒரு நண்டுத் தாய் இருந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கொம்பையா, அடுத்தவள் சிப்பிக்கனி, கடைக்குட்டி அரும்பு. மூன்றும் நல்ல பிள்ளைகள்தான். தூங்கும்போது பார்க்க வேண்டும், அத்தனை அழகு. விழித்துவிட்டால்தான் வினை.

மணலை அள்ளி வாயில் போட்டு, அதில் உள்ள இரையைத் தின்றுவிட்டு, மிச்ச மணலை உருண்டையாக உருட்டிப் போடுவது அந்தச் சின்ன நண்டுகளின் சாப்பாட்டு முறை. பிள்ளைகளுக்கு அந்த உருண்டைகள்தான் விளையாட்டுச் சாமான். கோட்டை கட்டுவார்கள், தேர் இழுப்பார்கள், கடை வைத்து லட்டு விற்பார்கள். ஒன்று அலுத்ததும் அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். வாசல், வழி, வளைக்குள்ளே படுக்கிற இடம் என்று எங்கே பார்த்தாலும் உருண்டை. இரண்டே கால்களை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் நான் படும் பாடே போதும். கொடுக்காயிக்கு எட்டுக் கால்கள். எட்டும் மாறி மாறி இடறும்.

"ஏலே கொம்பையா, வெளையாண்டதை எடுத்து வைங்கன்னு எத்தனை தடவை சொல்ல?"

"நான் இல்லம்மா, சிப்பிக்கனிதான் போட்டா."

"நான் கோட்டைதாம்மா கட்டுனேன். கடை வச்சது அரும்பு."

அரும்பு பேசவே மாட்டாள். ஓர் உருண்டையை எடுத்து, பக்கத்தில் இருக்கும் உருண்டைக்கு மேல் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டதுபோல் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாள்.

"எதுக்கும்மா எடுக்கணும்?" என்பான் கொம்பையா. "கடல் வந்து அள்ளிக்கிட்டுப் போயிரும்லா?"

அது உண்மைதான். கடல் ஏறும்போதெல்லாம் ஓர் அலை வந்து கரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போகும். அதற்காகவே கொடுக்காயி கடலோடு சண்டைக்குப் போனாள்.

"நீ குடுக்கிற செல்லத்துலதான் இதுக இப்படிக் கெட்டுப் போகுது."

"சின்னப் பிள்ளைக தானே, விடு தாயி. எனக்கு ஒரு இழுப்பு."

"பெத்தவ நீயா, நானா?"

கடல் சிரித்துக்கொண்டே பின்வாங்கிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்ல?

கடல் திரும்பி வரும்வரை, முணுமுணுத்துக்கொண்டே வளைக்குப் போகும் வழியை மட்டும் கொடுக்காயி ஒதுக்கி வைப்பாள். பிள்ளைகள் அந்த வழியில் ஓடி ஓடி வருவார்கள். அது தானாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கொடுக்காயி வழியை ஒதுக்கிவிட்டுத் திரும்பினால், வளையின் வாய்மேலேயே புதுக் கோட்டை எழும்பி நிற்கிறது. அவளுக்குப் பொறுமை விட்டுப்போனது.

"போதும். இனி ஒத்த உருண்டையைத் தொட மாட்டேன். நீங்களாச்சு, உங்க கோட்டையாச்சு" என்று சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வழி முழுக்க லட்டுக் கடை போட்டார்கள்.

அப்போதுதான் மணலில் ஒரு நிழல் விழுந்தது. உள்ளான்! கரையோரம் ஓடி ஓடி நண்டு பொறுக்கும் நீள மூக்குப் பறவை.

கொம்பையாவும் சிப்பிக்கனியும் வளைக்கு ஓடினார்கள். வளை இருந்த இடத்தில் கோட்டைதான் இருந்தது. அரும்பு தன் லட்டுக் கடையிலேயே இடறி, மல்லாந்து விழுந்து, காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள்.

"கடலே, வந்து அள்ளேன்!" என்று கத்தினான் கொம்பையா. கடல் எங்கோ ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அது வரும் நேரம் ஆகவில்லை.

கொடுக்காயி ஓடினாள். கோபம் தணிந்து ஓடவில்லை, கோபத்தோடேதான் ஓடினாள். அரும்புக்கு முன்னால் நின்று இரண்டு கொடுக்குகளையும் தூக்கினாள். உள்ளான் வலது கொடுக்கைக் கவ்வியது.

"ஏலே, வாசலைத் தெற!"

அம்மா ஒருமுறை சொன்னதும் கொம்பையா ஒரு வேலையைச் செய்தது அன்றுதான். அவனும் தங்கையும் உருண்டைகளை வாரி வாரி எறிந்தார்கள். வளையின் வாய் தெரிந்தது. அரும்பை இழுத்து உள்ளே போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் கொடுக்காயி தன் கொடுக்கை உள்ளானின் மூக்கிலேயே கழற்றி விட்டுவிட்டு உள்ளே விழுந்தாள்.

இருட்டுக்குள் மூன்று பிள்ளைகளும் அழுதார்கள்.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டாள் சிப்பிக்கனி.

"ஏட்டி, வலிக்காம இனிக்குமா? கொடுக்கு போனா மொளைச்சிரும். அரும்பு போயிருந்தா மொளைப்பாளா?"

அரும்பு அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள்.

உள்ளான் பறந்துபோன பிறகு முதலில் வெளியே வந்தவன் கொம்பையா. யாரும் சொல்லவில்லை. வாசலிலிருந்து நேராக ஒரு வழி விட்டு, உருண்டைகளை இரண்டு பக்கமும் தள்ளினான். கொடுக்காயி அதில் நடந்து பார்த்தாள். எந்தக் காலும் இடறவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன் நின்னுட்ட? அந்தப் பக்கம் கெடக்கிறதையும் எடு."

"வழி போதும்லாம்மா? மத்ததைக் கடல் அள்ளிக்கிரும்."

கொடுக்காயி வானத்தைப் பார்த்தாள். சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை, இருந்ததும் ஒற்றைக் கொடுக்குத்தான்.

அன்று முதல்தான், கடல் உள்வாங்கிய கரையில் நண்டு வளையைச் சுற்றி எங்கும் உருண்டைகள் இறைந்து கிடந்தாலும், வாசலுக்குப் போகும் வழியில் மட்டும் ஒன்றுகூடக் கிடப்பதில்லை. உங்கள் நிழல் பட்டதும் குட்டி நண்டு அந்த வழியாகத்தான் விர்ரென்று வீட்டுக்குள் ஓடுகிறது. மற்ற உருண்டைகளைப் பற்றி அதன் அம்மாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.