தாண்டவராயர் வீட்டுக் காபி விலக்கு

மதுவிலக்கு என்றால் மதுவை இல்லாமல் செய்வது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இது பெரும் பிழை. மதுவை வேறு இடத்தில் வைப்பதற்குத்தான் மதுவிலக்கு என்று பெயர். அந்த இலாகாவில் முப்பது வருடம் சோதனை நடத்தி ஓய்வு பெற்ற தாண்டவராயருக்கே இது தெரியாது.

மருத்துவர் அவருடைய காபியை நிறுத்தச் சொன்னார். தாண்டவராயரோ வீட்டில் எல்லோருடைய காபியையும் நிறுத்தினார். ஆனாலும் விடிந்தால் வீடெங்கும் காபி மணந்தது. சமையல்கார வீராயியைக் கூப்பிட்டார்.

"நாளைக் காலையில ஏழு மணிக்குள்ள இந்த வீட்டுல இருக்கிற காபித்தூள் மொத்தமும் என் கண்ணு முன்னால இருக்கணும். இல்லேன்னா நீ வேற வேலை பார்த்துக்கோ."

"ஆகட்டுங்க அய்யா."

வீராயியின் புருஷன் ஒரு காலத்தில் சாராயம் விற்றவன். இலாகா சோதனைக்கு வரும் செய்தி அவனுக்கு முதல் நாளே வந்துவிடும். அந்த வழக்கப்படி அவள் அய்யாவின் மனைவியிடமும் மகனிடமும் மருமகளிடமும் தனித்தனியே போய்க் காதில் போட்டாள்.

"காலையில சோதனைங்க. அய்யாவோட பீரோவைத் தவிர ஒரு மூலை விடமாட்டாராம்."

ஏழு மணிக்குத் தாண்டவராயர் வந்து நின்றார்.

"எங்கே?"

"அய்யா பீரோவுலதானுங்க."

"என் பீரோவுலயா? கொழுப்பா உனக்கு?"

"திறந்துதான் பாருங்களேன்."

வீட்டார் முன்னிலையில் திறந்தார். பழைய சீருடைக்கு அடியில் நான்கு காபித்தூள் பொட்டலங்கள் இருந்தன.

"நாலு எப்படி வந்துச்சு? நான் வச்சது ஒண்ணுதானே" என்றார் தாண்டவராயர்.

மறுநாள் முதல் பால்காரர் அந்த வீட்டில் ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றினார்.