முதலில் நுழைந்தவர்

செகினோ மசத்தோகி நல்ல வீரர்தான். ஆனால் உராபே என்ற பெயரைக் கேட்டால் போதும், அவருக்குச் சாப்பிட்ட சோறு இறங்காது. இருவரும் ஜப்பானியத் தளபதிகள், ஒரே அரசின் ஆணையில் கடல் தாண்டிக் கொரியாவுக்குப் படையெடுத்து வந்தவர்கள். கரையோரக் கோட்டையைப் பிடித்த அன்று செகினோ ஏணியில் பாதி ஏறியிருந்தார். அதற்குள் உராபே தன் கொடியைச் சுருட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டார். கொடி முதலில் விழுந்ததால் பெருமை முழுக்க உராபேக்குப் போயிற்று. அன்றிலிருந்து செகினோவுக்குக் கொரியாக்காரர்கள் ஒரு பொருட்டே இல்லை.

இப்போது தலைநகரம் கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் ஒரு பெரிய ஆறு. நகருக்குள் முதலில் நுழையும் தளபதிக்கு ஒரு மாகாணமே பரிசு என்று ஊரிலிருந்து சேதி வந்திருந்தது. செகினோ இரண்டு நாளாகக் குதிரையைவிட்டு இறங்கவில்லை.

கூடவே கெய்ரின் என்ற துறவியும் வந்துகொண்டிருந்தார். செகினோவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனால் தியானம் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் தளபதி அவரைக் குருவே என்றுதான் கூப்பிடுவார். கொரியாவுக்குப் பக்கத்துத் தீவில் பிறந்தவர் ஆகையால் கெய்ரினுக்கு இந்த நாட்டுப் பேச்சும் அத்துப்படி.

"குருவே, உராபேயை முந்த என்ன வழி?"

"படகெல்லாம் யாரிடம் இருக்கிறது?"

"என்னிடம்தான். கரையில் கிடந்த அத்தனையையும் வளைத்துவிட்டேன்."

"பிறகென்ன, கிளம்புங்கள். ஒரு படகை மட்டும் அவருக்கு விட்டுவையுங்கள்."

"அவனுக்கா? எதற்கு?"

"ஜெயித்த பிறகு பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா?"

செகினோ விழுந்து விழுந்து சிரித்தார். குரு சில சமயம் இப்படித்தான் ஏதாவது சொல்வார். ஆற்றைக் கடந்ததும் செகினோ ஒரு படகு பாக்கியில்லாமல் கொளுத்தச் சொன்னார். புகை மேலே எழும்பவும் எதிர்க்கரையில் உராபேயின் கொடிகள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அடடா, அந்தக் காட்சி! ஒரு மாத வயிற்றெரிச்சல் அந்த ஒரு நொடியில் அடங்கிப்போயிற்று.

பிறகு ஒரே ஓட்டம்தான். நகரவாசல் பூட்டிக் கிடந்தது. மதிலடியில் தண்ணீர் போகும் மதகின் கம்பிகளை நெம்பிப் பெயர்த்து, இடுப்பளவு சேற்றில் செகினோவே முதல் ஆளாகப் புகுந்தார். உள்ளே சண்டை போட ஒரு ஆள் இல்லை. ராஜாவும் மந்திரிகளும் முன்பே ஓடிவிட்டார்கள், ஜனங்களும் மூட்டை கட்டிவிட்டார்கள், பல வீடுகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. அதையெல்லாம் யார் பார்த்தது? செகினோ நடுத்தெருவில் கொடியை ஊன்றினார். ஐம்பது வயது மனிதர், கவசத்தோடு குதியாட்டம் போட்டார். தளபதிக்கு ஆடத் தெரியும் என்று அவருடைய வீரர்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆட்டம் சட்டென்று நின்றது.

"சாட்சி," என்றார் செகினோ.

முதலில் நுழைந்தவர் யார் என்பதற்கு வெளியாள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். சொந்தப் படையின் சாட்சி செல்லாது. குருவும் அவருடைய சோற்றைத்தான் சாப்பிடுகிறார், அதுவும் செல்லாது.

நகரவாசலைத் திறக்கச் சொல்லி, குதிரையை ஆற்றங்கரைக்கு விரட்டினார். கொடியைத் தூக்கித் தூக்கிக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினார்.

"உராபே, பார்த்தாயா? நான்தான் முதலில் நுழைந்தேன்."

எதிர்க்கரையில் உராபே கையை உயர்த்தினார். அவ்வளவுதான், அவருடைய படை முழுவதும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. உராபேயும் குதிரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கெய்ரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செகினோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்கு எப்படியாவது படகு பிடித்து வந்து, தான்தான் முதலில் நுழைந்ததாகச் சொல்லிவிடுவான். மாகாணம் அவனுக்குப் போய்விடும். குருவே, இந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்திருந்தாலும் போதும். தேடச் சொல்லுங்கள்."

தேடினார்கள். மதகுக்கு நேர் எதிரே ஒரு வீட்டில் ஒரு பெண் இருந்தாள். பிரசவமாகி எழுந்து நடக்க முடியாததால் ஊரோடு போகாமல் தங்கிவிட்டவள். மடியில் கிடந்த சிசுவுக்குக் கண்கூடத் திறக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் பெயர்த்த கம்பிகள் தெரிந்தன.

செகினோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சேற்றுக்காலோடு நேராக உள்ளே போனார். கெய்ரினிடம் தாளையும் தூரிகையையும் திணித்தார்.

"இவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள், குருவே. என் முத்திரையைக் குத்தி இன்றைக்கே கப்பலேற்றிவிடுகிறேன்."

கெய்ரின் தரையில் உட்கார்ந்து அவளிடம் மெதுவாகக் கேட்டார். அவள் குழந்தையை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டு செகினோவை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வார்த்தை சொன்னாள்.

"என்ன சொல்கிறாள்? பார்த்தாளாமா?"

"பார்த்தாளாம். முதலில் வந்தவர் நீங்கள்தானாம். சந்தேகமே இல்லை என்கிறாள்."

செகினோ கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டார். வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"என் பெயரைச் சொன்னாளா?"

"இல்லை. திருடன் என்று சொன்னாள்."

"அது எப்படிச் செல்லும்? பெயர் இருந்தால்தான் சாட்சி. செகினோ என்று சொல்லிக்கொடுங்கள். செகினோவா, உராபேயா என்று கேளுங்கள்."

கெய்ரின் கேட்டார். இந்தத் தடவை அவள் கொஞ்சம் கூடுதலாகப் பேசினாள். கெய்ரின் நிதானமாக எழுதி முடித்துத் தாளைச் செகினோவிடம் நீட்டினார்.

"வீட்டுக்குள் புகுந்த திருடனிடம் யாராவது பெயர் கேட்பார்களா என்கிறாள். எழுதிவிட்டேன், தளபதி. முத்திரையைக் குத்துங்கள்."