கிழட்டுத் தேனீ ஏன் வெளிவேலைக்குப் போகுது

அந்தக் காலத்துல, பூச்சி, குருவி, பூவு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டு இருந்தப்போ, தேனீங்களும் நம்மள மாதிரிதான் இருந்துச்சுங்க. எளசுங்க வெளிய போய் சம்பாதிக்கும். கெழடுங்க வீட்டுல உக்காந்து புள்ள பாக்கும்.

மலையடிவாரத்துல ஒரு மருத மரப் பொந்து. அதுக்குள்ள ஒரு கூடு. அதுல ஒச்சம்மான்னு ஒரு வயசான தேனீ. கூடப் பொறந்தவங்க இருபதாயிரம் பேரு. பேசுறதுக்கு ஒரு ஆளு கெடையாது.

விடிஞ்சதும் எல்லாரும் ஙொய்யின்னு கெளம்பிருவாங்க. போறப்ப, "அக்கா, பாத்துக்க." சாயந்திரம் வந்ததும், "அக்கா, தள்ளிக்க." ஒரு நாளைக்கு அவ காதுல விழுற பேச்சு அவ்வளவுதான். ஆளில்லாத நேரத்துல அந்த ரெண்டையும் அவங்க கொரல்லயே தனக்குத்தானே சொல்லிப் பாத்துக்குவா.

பாத்துக்கன்னா என்னத்தப் பாக்க? தேனீக்குப் பாலு தலையில ஊறும், அதுவும் எளவயசுல மட்டுந்தான். ஒச்சம்மாவுக்கு வத்தி ரொம்ப நாளாச்சு. குட்டிப் புழுவெல்லாம் வாயத் தொறந்துகிட்டுக் கெடக்கும். இவ பக்கத்துல போய் சும்மா நிப்பா.

வெளிய வேற கொடும. எதிர்ல பட்டமரத்துல ஒரு பஞ்சுருட்டான் குருவி. தேனீயப் புடிச்சுத் தின்னே பொழைக்கிற சாதி. பொறந்து மூணு நாளான எளசுங்களுக்கு வளைஞ்சு பறக்கத் தெரியாது. நேரா அது வாய்க்கே போயிருவாங்க.

அன்னைக்கு மொதத் தடவையா வெளிய போற முறை எளசு செவந்திக்கு. ரெக்கையில ஈரம்கூட சரியா காயல.

"செவந்தி, கெளம்பு"ன்னா ராணி.

"ஆத்தா, அந்தக் குருவி..."

"எல்லாரும் போகல?"

"போறாங்க ஆத்தா. வர்றது எத்தன பேரு?"

வாசல் காவக்காரி, "ரெக்கதான் காயல, வாய் மட்டும் நல்லா காஞ்சிருச்சு"ன்னா.

பின்னாடி இருட்டுக்குள்ள இருந்து ஒச்சம்மா சொன்னா: "அவ இருக்கட்டும். நான் போறேன்."

காவக்காரி திரும்பிப் பாத்தா. "நீயா? உன் ரெக்கையப் பாத்தியாக்கா? சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்ட சட்டை மாதிரி இருக்கு."

"இருக்கட்டுமே. அவளுக்குப் பாலு ஊறுது, அவ வரலேன்னா இந்தப் புழுங்க பட்டினி. நான் வரலேன்னா யாருக்கு என்ன?"

சொல்லிட்டு ஒரு நிமிஷம் நின்னா. அப்படிச் சொல்லாதக்கான்னு ஒருத்தியாவது சொல்லுவாளான்னு பாத்தா. இருபதாயிரம் பேரும் கம்முன்னு இருந்தாங்க.

"சரி, போயிட்டு வா"ன்னா ராணி.

போனா. கிழிஞ்ச ரெக்கைக்கு நேராப் போக வரல. மேல ஏறுறா, சரியுறா, பக்கவாட்டுல போறா. குருவி மூணு தடவ கொத்துச்சு. மூணு தடவையும் அது வாயில காத்துதான்.

"ஏ கெழவி, ஒழுங்காப் பறந்து தொலையேன்."

"முடிஞ்சா பறக்க மாட்டனாய்யா?"

சாயந்திரம் ரெண்டு காலுலயும் மகரந்தத்தோட வந்து எறங்குனா. உள்ள செவந்தி புழுங்களுக்கெல்லாம் பாலு குடுத்து முடிச்சிருந்தா. மொத மொறையா கூட்டுல யாருக்கும் பசியில்ல. ராணி ஒச்சம்மாவையும் பாத்தா, செவந்தியையும் பாத்தா. "இனிமே இதான் முறை. பொறந்ததும் கூட்டித் தொடைங்க, அப்புறம் புள்ளைக்குப் பாலு குடுங்க, அப்புறம் மெழுகு கட்டுங்க, அப்புறம் வாசல் காவல். வெளிய போறது கடைசியா"ன்னா.

ஒச்சம்மா பத்து நாள் போனா, வந்தா. பதினோராம் நாளு, ஒரு ஆவாரம்பூவுல உக்காந்தவளுக்கு எந்திரிக்க முடியல.

"பொழுது சாயுது, வீட்டுக்குப் போகல?"ன்னு பூவு கேட்டுச்சு.

"ரெக்க தூக்க மாட்டேங்குது."

"அப்ப தேடுவாங்களே."

ஒச்சம்மா கொஞ்சம் யோசிச்சா. "இத்தன பேருல ஒருத்தி தேடுவா"ன்னா.

அங்க மருத மரத்துல காவக்காரி சத்தம் போட்டா. "செவந்தி, உள்ள வாடி, குளிருது."

"வர்றேன். அக்கா இன்னும் வரல."

நல்லா இருட்டுற மட்டும் வாசல்லயே நின்னா.

அன்னையில இருந்துதான் தேனீக்கூட்டுல எளசு வீட்டுலயும், கெழடு வெளியிலயும் இருக்கு. சாயந்திரத்துல ஏதாவது பூவுல கிழிஞ்ச ரெக்கையோட ஒரு தேனீ அசையாம உக்காந்திருந்தா ஊதி வெரட்டிராதீங்க, வேலைக்கு வந்த எடத்துலயே அதுக்குப் பொழுது முடிஞ்சு போச்சு.