பண்ணையார் கைப்பிடி உப்பு

சமையல்காரி ஆவுடையாள் வைக்கிற ரசத்தில் ஒருநாளும் உப்பு கூடினதுமில்லை, குறைந்ததுமில்லை. பண்ணையார் சிதம்பரநாதருக்கு அதுதான் சந்தேகம்.

"ருசி பார்க்காம எப்படி வரும்? கரண்டி கரண்டியாக் குடிக்கிறா!"

உப்பு ஜாடியையே பூட்டிவைத்து, தினமும் காலையில் ரசத்துக்கென்று தன் கையால் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கிற ஆள் அவர்.

சம்பந்தி விருந்துக்கு வந்த அன்று உத்தரவு போட்டார்: "ஒரு சொட்டு உன் நாக்குல பட்டாலும் வேலை போச்சு."

அவள் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனதும், பூனைபோல அடுக்களைக்குள் நுழைந்து ரசத்தில் ஒரு பிடி உப்பைப் போட்டார். கரித்தால் சமைக்கத் தெரியாதவள். கரிக்காவிட்டால் ருசி பார்த்துச் சரிக்கட்டிய கள்ளி. எப்படியும் மாட்டுவாள்.

திரும்பி வந்த ஆவுடையாள், அடுப்படியில் சிதறிக் கிடந்த கல்லுப்பைப் பார்த்தாள். அவள் இன்னும் உப்பே போட்டிருக்கவில்லை. மல்லித்தழையைக் கிள்ளிப் போட்டு ரசத்தை இறக்கினாள்.

பந்தியில் சம்பந்தி ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். "உப்பு அளவா இருக்கே! இன்னொரு கரண்டி ஊத்தும்மா."

பண்ணையார் துள்ளி எழுந்தார். "மாட்டினியா! நானே ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டேன். ருசி பார்க்காம எப்படிச் சரிக்கட்டினே?"

பந்தியே வாயில் வைத்த சோற்றோடு அவரைத் திரும்பிப் பார்த்தது.

"தினமும் அளந்து கொடுக்கிற அதே கைதானே ஐயா போட்டுச்சு?"

ஆவுடையாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலையில் வாங்கிய உப்பை அவர் இலை ஓரத்தில் கொட்டினாள்.

"ஒரு கல்லு குறையாது. எண்ணிப் பார்த்துப் பூட்டி வச்சுக்கிடுங்க."