சம்பந்திக்கு ஒரு கும்பிடு

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனுஷரும் முறை சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, செம்பாறைக் காட்டில் செம்பன் என்று ஓர் உடும்பு இருந்தான். காடு என்று பேர்தானே தவிர, அங்கே மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவந்த மணல். நடுநடுவே கோபுர உயரத்துக்குச் செங்கல் நிறப் பாறைகள். அவற்றில் ஒரே ஒரு பாறையின் உச்சியில் மட்டும் வற்றாத சுனை ஒன்று உண்டு. செம்பன் குடியிருந்தது அதன் அடிவாரத்தில்.

செம்பன் மரியாதைக்காரன். அதுதான் அவனுக்கு வம்பே. யார் வந்தாலும் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, முன்னங்கைகள் இரண்டையும் கூப்பி "வாங்க" என்பான். ஒருநாள் கவுதாரி முட்டையை வாயில் கவ்விக்கொண்டு வந்தவன், எதிரே வந்த ஓணானுக்கு "வாங்க" சொல்லப் போய் முட்டையைப் பாறையில் போட்டு உடைத்தான். அவன் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவனையும் குறை சொல்வதற்கில்லை. மகளைக் கிழக்குப் பாறையில் கட்டிக் கொடுத்திருந்தான். சம்பந்தி பெரிய ரோஷக்காரர். கல்யாணப் பந்தியில் செம்பன் கும்பிடக் கொஞ்சம் பிந்திவிட்டானாம், அதற்காக அந்தப் பெண்ணை ஆறு மாசம் பிறந்த வீட்டுக்கே அனுப்பவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் வளைந்துதானே போகவேண்டும்?

ஒரு சித்திரை மாசம், உப்பு விற்றுத் திரும்பிய முப்பிடாதியும் அவள் புருஷன் வண்ணமுத்துவும் அந்தப் பக்கம் வந்தார்கள். ஊருக்குப் போகிற பாதை காட்டைச் சுற்றிக்கொண்டு போகும். முப்பிடாதிதான், ஊரெல்லாம் பேசுகிற சுனைப்பாறையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று ஆசைப்பட்டாள். பார்த்தார்கள். அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் வந்த வழி தப்பிவிட்டது. எந்தப் பாறையைச் சுற்றினாலும் இன்னொரு பாறை நின்றது. இரண்டாம் நாள் குடத்தில் தண்ணீர் தீர்ந்தது. மூன்றாம் நாள் உச்சிவெயிலில் வண்ணமுத்து சுனைப்பாறையின் நிழலில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, இவருக்கு நாக்கு உள்ளே இழுக்குது. எப்படியாவது என்னை மேலே சுனைக்கு ஏத்திவிடும்" என்று, அடிவாரத்தில் கை கூப்பி "வாங்க" சொன்ன செம்பனிடம் கெஞ்சினாள் முப்பிடாதி.

செம்பனுக்கு மனசு பொறுக்கவில்லை. குடம் சுமக்கிற தெம்பு அவனுக்கு இல்லை, வாயில் மொண்டு வந்தால் ஒரு மிடறுக்குக் காணாது. ஆனால் பாறை ஏற அவனை விட்டால் ஆள் கிடையாது. உப்பு மூட்டை கட்டிய கயிற்றைத் தன் இடுப்பில் கட்டச் சொன்னான். விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, பாறை விளிம்பை முன்னங்கைகளால் பற்றிக்கொண்டு கயிற்றைத் தொங்கவிட்டான். முப்பிடாதி குடத்தை முதுகில் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து ஏறினாள். உள்ளங்கை தோல் உரிந்தது. ஏறிக்கொண்டே இருந்தாள். இன்னும் இரண்டு ஆள் உயரம்தான் பாக்கி.

அப்போது பார்த்துக் கீழே சம்பந்தி வந்து நின்றார்.

"என்ன சம்பந்தி, சுகமா?" என்றார். கயிறோ, அதில் தொங்குகிறவளோ அவர் கண்ணில் படவில்லை. தனக்கு மரியாதை வருகிறதா என்பதிலேயே இருந்தது அவர் கவனமெல்லாம்.

செம்பனுக்கு மகளின் அழுத முகம் கண்ணுக்குள் வந்தது. பிடியை விடக்கூடாது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கும்பிடுதானே, கண் மூடித் திறக்கிற நேரம்தானே என்று நினைத்தான். இரண்டு கைகளையும் எடுத்துக் கூப்பினான்.

முப்பிடாதி விழுந்தாள். கயிற்றோடு செம்பனும் விழுந்தான். மணல் என்பதால் இருவருக்கும் உயிர் தங்கியது. குடம் தூள்தூளானது, அவள் கால் ஒடிந்தது. செம்பன் அடிபட்ட உடம்போடு திரும்ப ஏறி, வாய் நிறையச் சுனைத் தண்ணீரை மொண்டுகொண்டு இறங்கினான். அந்த ஒரு வாய்த் தண்ணீரை ஊற்றியபோது வண்ணமுத்துவின் கடைவாயில் வழிந்து மணலில் இறங்கியது. அவன் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

முப்பிடாதி ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு வந்து புருஷன் கண்ணை மூடினாள். பிறகு செம்பன் பக்கம் திரும்பினாள்.

"பாறையைப் பார்க்கணும்னு கூட்டிட்டு வந்தது நான். அந்தப் பாவம் என்னோடது. ஆனா அண்ணாச்சி, நீர் முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் வேற வழி தேடியிருப்பேன். பிடிக்கிறேன்னு சொல்லிட்டு விட்டீரே."

செம்பன் திரும்பிப் போய்ப் பாறையில் ஏறி, பத்து நகமும் பதியப் பற்றிக்கொண்டான். சம்பந்தி பின்னாலேயே வந்து கூப்பிட்டார். கோபித்தார். மகளை வாழாவெட்டியாக அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினார். கடைசியில் வாலைப் பிடித்து இழுத்தே பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பவும் இல்லை, ஒரு நகத்தை எடுக்கவும் இல்லை.

அன்று முதல்தான் உடும்பு பிடித்த பிடியை விடுவதில்லை, சம்பந்தி வந்தாலும் சரி, சாவே வந்தாலும் சரி.