அமிர்தவல்லி உட்கார்ந்த பந்தி

"என் இடத்துக்கு வர ஒருத்தரும் இல்லை சாமி," என்றாள் அமிர்தவல்லி.

சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

ஆற்றங்கரையில் ஓடு வேய்ந்த சின்ன மடம் அது. மத்தியானம் யார் வந்தாலும் சோறு உண்டு. சாமியின் பெயர் பெரியநாயகி என்றாலும் ஊரில் அவரைச் சோத்துச் சாமி என்றுதான் சொல்வார்கள். வயது நாற்பதைத் தாண்டாது. அமிர்தவல்லிக்கோ அறுபத்தாறு. மூட்டுவலியால் தரையில் உட்கார முடியாமல், சாமிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்த இடத்துக்கு?"

"எங்க பெண்கள் சமத்துவ அறக்கட்டளைக்கு. இருபத்தெட்டு வருஷமா நான்தான் தலைவர்."

அறக்கட்டளைக்கு ஒரு வீடு இருந்தது. அடிபட்டும் துரத்தப்பட்டும் வந்த பதினாலு பெண்கள் அதில் இருந்தார்கள். அடுத்த மாதம் அமிர்தவல்லி முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மகள் வீட்டுக்குப் போகிறாள். அதற்குப் பிறகு அவளால் ஓடியாடி வேலை பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாரும் தலைமை ஏற்காவிட்டால் வீட்டை மூட வேண்டியதுதான்.

"மத்த அறங்காவலர்களைக் கேட்டீங்களா?"

"நாலு பேரையும் கேட்டாச்சு. 'நீங்களே இருங்க அக்கா'ங்கிறாங்க."

"ஆளுங்க எப்படி?"

"தங்கமானவங்க. என்ன, ஒரு கடிதம் எழுதச் சொன்னாக்கூட மூணு தடவை என்கிட்ட கொண்டுவந்து காட்டுவாங்க."

"காட்டினா?"

"திருத்திக் கொடுப்பேன்."

சாமி ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"வியாழக்கிழமை எல்லாரையும் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க."

"நான் கேட்டது ஒரு யோசனை, சாமி."

"பன்னெண்டரைக்கு வந்துடுங்க," என்றார் சாமி.

அமிர்தவல்லிக்குக் கோபம்தான். ஆனாலும் போன இடத்தில் கோபத்தைக் காட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. வீட்டுக்கு வந்து காட்டினாள்.

வியாழக்கிழமை ஐந்து பேரும் வேனில் வந்து இறங்கினார்கள்.

கூடத்தில் ஆறு இலை போட்டிருந்தது. அமிர்தவல்லி உட்காருவதற்காக ஒரு இலையை மட்டும் மேசைமேல் போட்டு, பக்கத்தில் நாற்காலியும் வைத்திருந்தார்கள். சுவரோரம் சோறு, சாம்பார், ரசம், அவரைக்காய்ப் பொரியல், அப்பளக் கூடை, மோர்.

"சமைச்சது நான். இன்னைக்குப் பரிமாறுறது நான் இல்லை," என்றார் சாமி. சொல்லிவிட்டு ஒரு இலையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பக்கத்து இலையில் வக்கீல் சிதம்பரநாதன் உட்கார்ந்தார். அறங்காவலர்களில் அவர் ஒருவர்தான் ஆண். 'வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்' என்று அறக்கட்டளை ஊரெல்லாம் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தை எழுதியவரும் அவர்தான். என்ன செய்ய, இலையைப் பார்த்ததும் கால் தானாக மடங்கிவிட்டது.

பெண்கள் நாலு பேரும் நின்றார்கள்.

"நீங்க உட்காருங்க டீச்சர்."

"ஐயோ, நீங்க முதல்ல உட்காருங்க சிஸ்டர்."

"அக்கா நிக்கிறப்ப நாங்க எப்படி?"

இந்த உபசாரம் முடிவதற்குள் சோறு ஆறிவிடும் போலிருந்தது. அமிர்தவல்லி நாலு எட்டு வைத்துச் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கினாள். "எல்லாரும் உட்காருங்க. நான் போடுறேன்."

ஜெசிந்தா டீச்சர் பொரியல் கிண்ணத்தை எடுத்தார்.

"அதை இலையோட இந்தப் பக்கம் வச்சா சரியா வராது டீச்சர். விடுங்க, நானே வைக்கிறேன்."

டீச்சர் உட்கார்ந்தார்.

நர்ஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாக்கியம் மோர்ச் செம்பைத் தொட்டார்.

"மோருக்கு இப்ப என்ன அவசரம் சிஸ்டர்?"

பாக்கியம் உட்கார்ந்தார்.

பேச்சியம்மாள் சாம்பார் வாளியைத் தூக்கினாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு துணிமூட்டையோடு அறக்கட்டளை வீட்டுக்கு வந்தவள். போன வருடம்தான் அவளை அறங்காவலராக்கினார்கள்.

"வை பேச்சி. கீழே சிந்திருவே."

பேச்சியம்மாள் வாளியை வைத்தாள். ஆனால் உட்காரவில்லை.

அமிர்தவல்லி உட்கார்ந்தவர்களுக்குச் சோறு போட்டாள், பொரியல் வைத்தாள். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால் சாமி இலையில் கையே வைக்கவில்லை. அதனால் மற்றவர்களும் வைக்கவில்லை.

"சாப்பிடுங்க சாமி."

"ரெண்டு இலை காலியா இருக்கே."

"பேச்சி இப்ப உட்கார்ந்துடுவா. நான் கடைசியில சாப்பிட்டுக்கிறேன்."

வக்கீல் தொண்டையைச் செருமினார். தன் துண்டுப்பிரசுரம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"நீங்களும் உட்காருங்கம்மா," என்றார் சாமி.

"நான் உட்கார்ந்தா யார் சாமி போடுவா? இங்கே போடுறதுக்கு வேற ஆள் ஏது?"

சாமி அவளுடைய வலது கையைப் பார்த்தார்.

"கையில என்ன?"

"கரண்டி."

அமிர்தவல்லி கரண்டியைப் பார்த்தாள். யாரோ தன் கையில் திணித்தது போலத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். முகம் சூடேறியது. கூடவே ஒரு வீம்பும் வந்தது. இருபத்தெட்டு வருடம் நாயாய் உழைத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? வேனில் ஏறிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள்.

அப்போதுதான் பேச்சியம்மாளைக் கவனித்தாள். அவள் அமிர்தவல்லியின் பக்கமாகக் கையை நீட்டியபடி நின்றிருந்தாள். எப்போதிருந்து அப்படி நிற்கிறாள் என்று தெரியவில்லை.

கரண்டியைக் கொடுக்க மனசே வரவில்லை. கொடுத்தாள்.

நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முழங்கால் வலி ஒரு பிடி தளர்ந்தது.

பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அமிர்தவல்லியின் இலையில் மலைபோலச் சோற்றைக் கொட்டினாள். இவ்வளவு சோற்றை அமிர்தவல்லி கல்யாண வயதில்கூடச் சாப்பிட்டதில்லை.

பிறகு வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"சார், எந்திரிங்க. அந்த அப்பளக் கூடையைப் பிடிங்க."

வக்கீல் சாரை எழுந்திரு என்று இருபது வருடத்தில் யாரும் சொன்னதில்லை. அமிர்தவல்லியும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதும் இல்லை.

வக்கீல் எழுந்தார். கூடையைப் பிடித்தார்.

"டீச்சர், பொரியல் உங்க பொறுப்பு. சிஸ்டர், மோரை ஊத்திட்டு நீங்க உட்காருங்க, உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடணும்."

ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் இலைக்கு வந்துவிட்டது. அமிர்தவல்லியின் இலையில் பொரியல் தப்பான பக்கத்தில் இருந்தது. அப்பளம் பாதி நொறுங்கியிருந்தது. யாருக்கும் அதில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். வக்கீல் அப்பளம் வைத்துக்கொண்டே ஏதோ சொல்ல, பாக்கியம் சத்தமாகச் சிரித்தார். அறக்கட்டளைக் கூட்டங்களில் பாக்கியம் சிரித்து அமிர்தவல்லி பார்த்ததில்லை.

பேச்சியம்மாள் கடைசியாக அவளிடம் வந்தாள். சோற்றின்மேல் கடகடவென்று ரசத்தை ஊற்றினாள்.

ரசம்! சாம்பாருக்கு முன்னாலேயே! அமிர்தவல்லிக்கு நாக்கு துடித்தது.

"பேச்சி, முதல்ல சாம்பா—"

"அக்கா," என்றாள் பேச்சியம்மாள், தன் இலையின் முன்னால் உட்கார்ந்துகொண்டே. "பேசாம சாப்பிடுங்க."

சாமி முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார்.

அமிர்தவல்லி ரசம் சோற்றைப் பிசைந்தாள்.